தள்ளி நின்று ஆடும் ஆட்டம்

ஜோடி நடனம் கற்றுக்கொள்ளப் போகிற எல்லாரும் முதலில் கேட்பது, எது சுலபம் என்று. கோவையில் என் மகன் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் இப்போது ஞாயிறுதோறும் வகுப்பு நடக்கிறதாம். சல்சாவா வால்ட்ஸா, எதில் ஆரம்பிக்கலாம் என்று மருமகள் போனில் கேட்டாள். நீங்கள்தான் அந்தக் காலத்திலேயே எஸ்டேட் கிளப்பில் ஆடியவர் ஆயிற்றே அத்தை என்று பெருமை வேறு. உங்கள் இரண்டு பேருக்கும் எது பிடிக்கிறதோ அதில் ஆரம்பி என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். என்னிடம் வேறு பதில் இருந்தது. அதைப் போனில் சொல்ல முடியாது.

நான் கற்றுக்கொள்ளப் போனபோது எது சுலபம் என்று கேட்கவில்லை. எந்த ஆட்டத்தில் ஆண் தள்ளி நிற்பான் என்றுதான் பார்த்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் குன்னூர்க்காரி. அப்பா பள்ளி ஆசிரியர். சர்ச்சில் நானும் அக்காவும் பாடகர் குழு. பாட்டுக்குக் கைதட்டினால்கூட அம்மா முறைப்பாள், ஆட்டம் என்ற பேச்சுக்கே எங்கள் வீட்டில் இடமில்லை. கல்யாணமாகி, ஜீப்பில் ஒரு மணி நேரம் போகிற தூரத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தேன். என் கணவர் அங்கே உதவி மேனேஜர், அதாவது சின்ன துரை. மேனேஜர்தான் பெரிய துரை. வெள்ளைக்காரர்கள் போய்ப் பல வருஷம் ஆகியும் துரைப் பட்டம் மட்டும் கப்பல் ஏறவில்லை. என் அம்மா வயதுப் பெண்கள் கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்தபடி ஒதுங்கி நின்று எனக்கு வழிவிடுவார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். கொஞ்ச நாளில் அதுவும் பழகிவிட்டது.

கணவருக்கு வேலை இன்னும் கன்ஃபர்ம் ஆகவில்லை. கன்ஃபர்ம் ஆனால்தான் நிலைக்க முடியும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அது முழுக்கப் பெரிய துரையின் கையில் இருந்தது. விடிகாலை தொழிலாளர் கூடும் மஸ்டருக்கு வந்து ஆளெடுக்கிறாரா, செடிகளை வெட்டிவிடும் கவாத்து ஒழுங்காக நடக்கிறதா, தொழிலாளர் தகராறைச் சமாளிக்கத் தெரிகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். கூடவே, கிளப்பில் பழகத் தெரிந்தவரா என்றும் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில் மனைவியும் சேர்த்தி.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயந்தரம் கிளப்பில் நடனம் இருக்கும். சுற்றுவட்டாரத் துரைமார் எல்லாரும் மனைவியோடு வந்தாக வேண்டும். மேசை நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கி, மரத்தரையில் முகப் பவுடரைத் தூவிவிட்டு ரெக்கார்டு போடுவார்கள். புதுப் பெண்ணுக்கு முதல் மாதம் மட்டும் விலக்கு உண்டு, உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். அடுத்த மாதத்திலிருந்து யார் வந்து கை நீட்டினாலும் எழுந்திருக்க வேண்டும். பெரிய துரை கை நீட்டி, சின்ன துரையின் மனைவி மாட்டேன் என்று சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் எல்லாருக்கும் மனப்பாடம்.

எனக்கான அந்த முதல் மாதத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வால்ட்ஸில் ஆணின் வலது கை பெண்ணின் முதுகில் இருக்கும். கவுன் போட்ட வெள்ளைக்காரிகளுக்காக ஏற்பட்ட ஆட்டம் அது. அவர்களுக்கு அந்த இடத்தில் துணி இருந்தது. எங்களைப் புடவைதான் கட்டி வரச் சொன்னார்கள். ரவிக்கைக்கும் புடவைக் கட்டுக்கும் நடுவே எங்களுக்கு வெறும் முதுகுதான். பெரிய துரை அன்று என் கணவருக்கு மூத்த இன்னொரு சின்ன துரையின் மனைவியோடு ஆடினார். பெரிய துரைக்கு அறுபதை நெருங்கும் வயது, நல்ல உயரம், நரைத்த மீசை, பார்த்தால் மரியாதை வரும் முகம். அந்த முகம் சபையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது. கை மட்டும் தோளுக்குக் கீழே இருக்க வேண்டிய இடத்திலிருந்து இறங்கி, அந்த வெறும் இடத்தில் நின்று, மாவு பிசைவது போல விரல்களை அசைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அவர் தோளுக்கு மேலாகச் சுவரில் மாட்டியிருந்த காட்டெருமைத் தலையையே பார்த்துக்கொண்டு சுற்றினார்.

சுற்றிலும் இருபது முப்பது பேர் இருந்தோம். எல்லாருக்கும் கண் இருந்தது.

பிறகு முகம் கழுவும் அறையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று முந்தானைக்குப் புதிதாக ஊக்கு குத்திக்கொண்டிருந்தார். அவர் கோயம்புத்தூர்ப் பக்கம். எங்கள் பங்களாவுக்கு அடுத்த மேட்டில் அவர் பங்களா. கண்ணாடியிலேயே என்னைப் பார்த்துவிட்டு, திரும்பாமல் பேசினார்.

"அடுத்த மாசம் உங்களைக் கூப்புடுவாருங்க. மூச்சை அடக்கிக்குங்க. பாட்டு முடிஞ்சுரும்."

ரசத்துக்கு உப்பு போடும் பக்குவம் சொல்வது போலச் சொன்னார். சொல்லிவிட்டு முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

திரும்பி வரும்போது ஜீப்பில் கணவரிடம், பெரிய துரையின் கையைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். மூடுபனியில் ரோட்டைத் துழாவி ஓட்டிக்கொண்டிருந்தவர், எந்தக் கை என்றார். கொஞ்ச தூரம் போனதும் அவராகவே, பெரிய துரைக்கு வால்ட்ஸ் என்றால் உயிர், குன்னூரில் சொல்லித் தருகிற ஒரு அம்மா இருக்கிறார், நீ அம்மா வீட்டுக்குப் போகிற சாக்கில் போய் வால்ட்ஸை மட்டுமாவது கற்றுக்கொண்டு வா என்றார். பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தால் அன்றே அவரைப் பாதி தெரிந்துகொண்டிருப்பேன்.

நடனம் சொல்லித் தந்தவர் குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு மாடி வீட்டில் இருந்த ஆங்கிலோ இந்தியப் பெண். வயது நாற்பது இருக்கும். வாயில் எப்போதும் கிராம்பு. பக்கத்து வெலிங்டன் ராணுவ அதிகாரிகளின் மனைவிமார் அவரிடம் கற்றுக்கொண்டு போவார்கள். சிடுசிடுத்த பெண்தான், ஆனால் வேலையில் கெட்டி. முதல் நாள் ஒவ்வொரு ஆட்டமாக ஆடிக் காட்டினார். வால்ட்ஸும் ஃபாக்ஸ்ட்ராட்டும் அணைத்துப் பிடித்து ஆடுவது. ஜைவில் விரலை மட்டும் பிடித்துக்கொண்டு துள்ளலாம். சா-சா-சாவில் வேண்டுமானால் விரலைக்கூட விட்டுவிடலாம். அப்புறம் என்னைக் கைதட்டச் சொன்னார், ஒரு ரெக்கார்டைப் போட்டுப் பாடச் சொன்னார். சர்ச்சில் சின்ன வயதிலிருந்து மூன்று தட்டுப் பாட்டுகளைப் பாடியவளுக்கு, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி ஆடுகிற வால்ட்ஸ் தானாகவே வரும், அதிலேயே ஆரம்பி, சீக்கிரம் ஆடிவிடுவாய் என்றார்.

வால்ட்ஸ் வேண்டாம், ஜைவும் சா-சாவும் போதும் என்றேன்.

ஏன் என்று கேட்டார். கால் பின்னுகிறது என்றேன். "காலே இன்னும் எடுத்து வைக்கலையேம்மா" என்றார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. உண்மையான காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. தப்புச் செய்யப் போகிறவர் பெரிய துரை, வெட்கப்பட்டவள் நான். இன்றைக்கு நினைத்தாலும் அது எனக்குப் புரிவதில்லை, பற்றிக்கொண்டு வருகிறது.

என் கணக்கு இதுதான். ஜைவ் ஆடத் தெரிந்தவள் என்றால் கிளப்பில் ஒதுங்கி நிற்கிறாள், பழகத் தெரியாதவள் என்ற பேச்சு வராது. கணவரின் வேலைக்கும் பங்கம் இல்லை. வால்ட்ஸ் ரெக்கார்டு போடும்போது, எனக்குத் தெரியாதே என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். தெரியாததை எப்படி ஆட முடியும்? பொய்யும் இல்லை, அவமரியாதையும் இல்லை. இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

வாரம் ஒரு நாள் குன்னூர் போவேன். அம்மாவிடம் தையல் வகுப்பு என்று சொல்லியிருந்தேன். வந்து வீட்டில் பழக வேண்டும் அல்லவா, பழகக் கணவர் வேண்டும். அவர் கல்லூரி நாளில் சென்னையில் நண்பர் வீட்டில் எல்லாவற்றையும் அரைகுறையாகக் கற்றுக்கொண்டவர். நான் ஜைவ் கற்கிறேன் என்றதும் முதலில் முகம் சுருங்கினார். வால்ட்ஸ் எனக்குக் காலில் ஏறவில்லை என்றேன். சரி, இதாவது வரட்டும் என்று கம்பளத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

என் கல்யாண வாழ்க்கையில் எது சந்தோஷமான நாட்கள் என்று யாராவது கேட்டால் அந்தச் சில வாரங்களைத்தான் சொல்வேன். வெளியே மழை பிடித்துக்கொண்டு விடாது. கணப்பில் கட்டை எரியும். அவர் மலைக்காட்டில் அலைந்த பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு வழுக்கி வழுக்கி ஆடுவார். நான் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு துள்ளுவேன். டீ கொண்டுவந்த பட்லர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, தட்டோடு அப்படியே திரும்பிப் போவார். நாங்கள் இருவரும் மூச்சு வாங்கச் சிரிப்போம். அதுவரை பகல் வெளிச்சத்தில் அவர் என் கையைக்கூடப் பிடித்தது கிடையாது. அந்த மனிதர் ஒருநாள் ரெக்கார்டு முடிந்த பிறகும் என்னை விடவில்லை. அணைத்தபடியே, பாட்டில்லாமல், இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறி மாறி நின்றார். அவர் சட்டையில் பச்சைத் தேயிலை வாசம் அடித்தது. அது எந்த ஆட்டத்திலும் சேராது. நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் நெஞ்சில் சாய்ந்திருந்தேன்.

அந்த மாதச் சனிக்கிழமை வந்தது. ஜைவ் ரெக்கார்டு போட்டதும் நானும் அவரும் முதல் ஜோடியாக இறங்கினோம். நன்றாகவே ஆடினோம். ஓரத்தில் நின்றவர்கள் தாளம் போட்டார்கள். பக்கத்து எஸ்டேட் பெரிய துரை ஒருவர், நல்ல ஜோடி என்று என் கணவரின் தோளைத் தட்டினார். பயந்தது போதும், பிழைத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்புறம் வால்ட்ஸ் ரெக்கார்டு போட்டார்கள். எங்கள் பெரிய துரை நேராக என்னிடம் வந்து குனிந்து கையை நீட்டினார். நான் எழுந்து நின்று, வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த சிரிப்போடு, மன்னிக்க வேண்டும் சார், எனக்கு வால்ட்ஸ் தெரியாது என்றேன்.

அவர் முகம் எப்படி மலர்ந்தது என்பதை நான் மறக்கவே மாட்டேன். தெரியாதா, அதனால் என்ன, நானே சொல்லித் தருகிறேன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. பெரிய துரையே சொல்லித் தருவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று ஒரு அம்மா சொன்னது காதில் விழுந்தது.

தெரிந்தவளாக இருந்தால் ஒரு பாட்டோடு போயிருக்கும். தெரியாதவளுக்கு ஒவ்வொன்றையும் காட்ட வேண்டும் அல்லவா? எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முதுகில் கையை அழுத்திக் காட்டினார். கால் எங்கே போக வேண்டும் என்று தன் காலை என் காலுக்கு நடுவே வைத்துக் காட்டினார். தள்ளி நின்றால் தாளம் பிடிபடாது என்று இழுத்துச் சேர்த்துக்கொண்டார். என் கைகள் எங்கே இருக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாததால் அவை அவர் தோளில் துணி மாதிரி தொங்கின. ஒரு ரெக்கார்டு முடிந்ததும், இப்போதுதான் பெண்ணுக்குக் கொஞ்சம் வருகிறது, நிறுத்தாதீர்கள் என்று அடுத்ததைப் போடச் சொன்னார். அதற்கு அடுத்ததையும் போடச் சொன்னார். அந்த வெறும் இடத்தில் அவர் விரல்கள் ஈரமாக இருந்தன. மூச்சை அடக்கிப் பார்த்தேன். அத்தனை நேரம் அடக்க முடியவில்லை.

சுற்றும்போதெல்லாம் என் கணவர் கண்ணில் பட்டார். பார் பக்கம் கிளாஸோடு நின்றிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் பார்த்தேன், சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் ஞாயிறு. காலையில் மழைக்குச் சரிந்த ஒரு பாதையைப் பார்த்துவிட்டு அவர் சாப்பிட வந்தார். பட்லர் அந்தப் பக்கம் போனதும் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் விடாமல். கை எங்கே போனது, கால் எங்கே வந்தது, மூன்று பாட்டுக்கும் என்ன நடந்தது என்று. இனி என்னைக் கூட்டிப் போகாதீர்கள், காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். அவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார். ஓரம் வரை சீராகத் தடவினார். எனக்கு அந்தக் கத்தியைப் பிடுங்கி வீச வேண்டும் போல இருந்தது.

"ஏனுங்க, நான் பேசறது காதுல உழுகுதுங்களா?"

"உழுகுது" என்றார். அடுத்த ரொட்டியை எடுத்தபடி, "ஒரு பாட்டு நேரந்தானே. கன்ஃபர்ம் ஆகட்டும். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் அநியாயமாகிவிடும். என்னை அடித்ததில்லை, ஏசியதில்லை. ஊரில் இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு இருந்தார்கள், இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்குமா என்ற பயம் இருந்தது. எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் கணவனிடம் சொன்னால் தீரும் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். சொல்லியாயிற்று. இனி சொல்ல ஆள் இல்லை.

அந்த வாரம் பெட்ஃபோர்டு வீட்டுக்குப் போய், வால்ட்ஸ் சொல்லித் தாருங்கள் என்றேன். கால் பின்னுகிறதே என்று கிண்டல் செய்தார். நான் அழுதுவிட்டேன். அழுகைக்கு நடுவே இந்த முறை காரணத்தைச் சொன்னேன். அவர் கிராம்பைத் துப்பிவிட்டு, ரெக்கார்டை நிறுத்தினார்.

"இதை மொத நாளே சொல்லியிருக்கலாமே பொண்ணே. வால்ட்ஸ்லதான் உன் முழங்கை உன்கிட்ட இருக்கு. தெரியாதவளைத்தான் எவனும் இழுக்கலாம்."

எதிரில் ஆண் மாதிரி நின்று காட்டினார். வால்ட்ஸ் நெருக்கமான ஆட்டம் என்று நினைப்பது பார்க்கிறவர்கள்தான். முறையாக ஆடுகிற பெண்ணின் இடது கை ஆணின் வலது தோள்மூட்டில் ஊன்றியிருக்கும். முழங்கை உயர்ந்து விறைத்து நிற்கும். அந்தக் கை பூட்டிக்கொண்டால் இரண்டு உடம்புக்கும் நடுவே ஒரு கூடை வைக்கலாம். யாரும் குறையும் சொல்ல முடியாது, முறையே அதுதான். என்னை இழுத்து இழுத்துப் பார்த்தார். முதலில் மடங்கினேன். அப்புறம் மடங்கவில்லை. வீட்டில் கணவர் மஸ்டருக்குப் போன பிறகு கதவு நிலையில் உள்ளங்கையை ஊன்றித் தள்ளிப் பழகினேன். அழகுக்குத்தான் நடனம் கற்பார்கள். நான் சுவரைத் தள்ளக் கற்றுக்கொண்டிருந்தேன்.

பஜார் தையல்காரரிடம் இடுப்பு வரை இறங்குகிற, முழு முதுகு வைத்த ரவிக்கை ஒன்று தைத்துக்கொண்டேன். பாட்டி காலத்து மாதிரி இருக்கிறதே என்று கேட்டார். குளிருக்கு என்றேன்.

அடுத்த சனிக்கிழமை பெரிய துரை வந்து கை நீட்டியதும் நானே முன்னால் போய் இடது கையை ஊன்றினேன். அவர் இழுத்தார். நான் சரியான அடி எடுத்து வைத்து, சரியாகத் திரும்பி, சிரித்த முகமாகத் தள்ளியே நின்றேன். கையைக் கீழே இறக்கினார், விரலுக்குத் துணிதான் அகப்பட்டது. இரண்டாவது சுற்றிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. விறகுக்கட்டை மாதிரி இருக்கிறாயே என்று காதருகில் ஆங்கிலத்தில் சொன்னார். நன்றி சார் என்றேன். பாட்டு முடிவதற்குள் என்னைக் கொண்டுபோய் என் நாற்காலியில் விட்டுவிட்டு, அந்த மூத்த சின்ன துரையின் மனைவியிடம் போய் நின்றார். அந்தப் பெண் எழுந்தார். எருமைத் தலையைப் பார்த்தபடி சுற்ற ஆரம்பித்தார். ஒருமுறை மட்டும் கண்ணைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். என் முழங்கை எனக்குத்தான் உதவியது. அவருக்கு நான் எதையும் சொல்லித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை.

என் கணவருக்குக் கன்ஃபர்ம் ஆவது தள்ளிப்போனது. ஒரு வழியாக ஆனது. தாமதத்துக்குக் காரணம் நான் என்று அவர் ஒருநாளும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

செய்தி வந்த சாயந்தரம் அவர் கம்பளத்தைச் சுருட்டினார். பட்லரை அனுப்பிவிட்டார். மெதுவான ரெக்கார்டு ஒன்றைப் போட்டு, என் முன்னால் வந்து, கிளப்பில் செய்வது போல விளையாட்டாகக் குனிந்து கையை நீட்டினார். நானும் எழுந்தேன். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. சட்டையில் அதே தேயிலை வாசம் அடித்தது. அவர் அணைக்க வந்ததும் என் இடது கை அவர் தோள்மூட்டில் போய் ஊன்றிக்கொண்டது. நான் ஊன்றவில்லை, அதுவாகப் போனது. அவர் சிரித்துக்கொண்டே இழுத்தார். முழங்கை மடங்கவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். அப்புறம் அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. புரிந்துகொண்டார். ரெக்கார்டை எடுத்து உறையில் போட்டு, கம்பளத்தை அவரே விரித்து, அதன் மூலைகளைக் காலால் சரிசெய்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆட்டம் இல்லை.

பிள்ளைகள் பிறந்தார்கள், பந்தலூர் பக்கம், கோத்தகிரி பக்கம் என்று எஸ்டேட்டுகள் மாறின. அந்தப் பெரிய துரை மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் அவரைக் கண்ணியவான் என்று பேசினார்கள். என் கணவரே கடைசியில் பெரிய துரை ஆனார். கிளப்பில் சின்ன துரைமாரின் மனைவிகளோடு கைக்கெட்டும் தூரத்தில் தள்ளி நின்று, கண்ணைக் கீழே இறக்காமல் ஆடுவார். ஆடி முடித்து என் பக்கம் பார்ப்பார், பார்த்தாயா நான் அப்படி இல்லை என்பது போல. ஆனால் பெரிய துரை கை நீட்டினால் எழுந்திருக்க வேண்டும் என்ற வழக்கத்தை அவர் நிறுத்தவில்லை. அந்தப் பெண்கள் எழுந்து வரும்போது அவர்கள் முகத்தை நான் பார்ப்பேன். அவர் பார்த்ததே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் சின்ன வீடு வாங்கிக்கொண்டு வந்தோம். போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் எனக்குப் புரியும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது எப்படி என்று காட்ட ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்தாள், பேத்தி வயது இருக்கும். அவரை ஓரத்தில் உட்கார வைத்து, அவர் கையை என் தோளில் போட்டு, என் கைகளை அவர் முதுகுக்குப் பின்னால் கோக்கச் சொன்னாள். தூக்கி நிறுத்தி, சின்னச் சின்ன அடியாக, அப்படியே திரும்பி நாற்காலியில் இறக்க வேண்டும்.

நான் தள்ளியே பிடித்தேன். "அம்மா, நெஞ்சோட அணைச்சுப் புடிங்க. இப்படிப் புடிச்சா வுழுந்துருவாருங்க" என்றாள்.

முழங்கையை மடக்கினேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் பாரம் முழுக்க என் மேல் சாய்ந்தது. கன்னம் என் காதோரம் பட்டது. பவுடரும் மருந்தும் கலந்த வாசம் வந்தது. நான் ஒரு அடி வைத்தேன், அவர் இடது கால் ஒரு அடி வைத்தது. கோணிய வாய்க்குள் அவர் ஏதோ முணுமுணுத்தார். காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கும் மறக்கவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்தப் பெண் எங்களைப் பார்த்து, நல்லா வருதுங்கம்மா என்று சிரித்தாள்.

பாதி திரும்பியிருந்தோம். அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டு என் காதருகே கேட்டார்.

"ஏன்... மூச்சு விடாம இருக்கறே?"

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"பழகிப் போச்சுங்க" என்றேன்.

மிச்ச அடிகளையும் எடுத்து வைத்து, அவரை நாற்காலியில் இறக்கி, காலுக்குக் கம்பளி போர்த்திவிட்டேன்.